ஐந்து டாலர் நுழைவும் கையில் ஒரு கறுப்புக் குறியும்: வாஷிங்டன் ஹார்ட்கோர் நிலைத்த விதம்

1980 நவம்பரில் டீன் ஐடில்ஸ் என்ற இசைக்குழு கலைந்தது. நான்கு பேர், எல்லாரும் பதின்வயதினர். ஓராண்டாக நிகழ்ச்சிகளில் கிடைத்த காசை யாரும் கைவைக்காமல் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். கலைந்தபோது அதில் ஏறக்குறைய 600 டாலர் இருந்தது. ஆளுக்கு 150 டாலர் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், பதிவு செய்து கிடப்பில் இருந்த எட்டுப் பாடல்களை ஏழு அங்குல இசைத்தட்டாக 1,000 பிரதிகள் போட்டார்கள். அந்த டிசம்பரில் வந்த ‘மைனர் டிஸ்டர்பன்ஸ்’தான் டிஸ்கார்டு ரெக்கார்ட்ஸ் என்ற தட்டு வெளியீட்டு நிறுவனத்தின் (லேபிளின்) முதல் வெளியீடு. இனி மேடையேறப் போவதில்லை என்று முடிவான ஒரு குழுவின் தட்டு அது. விளம்பரம் செய்ய ஆளில்லை, சுற்றுப்பயணமும் கிடையாது. இங்கே இப்படி ஒன்று நடந்தது என்று பதிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

வாஷிங்டன் டி.சி.யின் ஹார்ட்கோர் பங்க், அதாவது பங்க் ராக்கின் வேகமான, குறுகிய பாட்டுகள் கொண்ட கிளை, ஏன் பேசப்படுகிறது என்று கேட்டால் பலரும் வேகத்தையும் கோபத்தையும் சொல்வார்கள். அவை கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் குறைவில்லாமல் இருந்தன. வாஷிங்டனில் குழுக்கள் மற்ற ஊர்களைப் போலவே ஓரிரு ஆண்டுகளில் கலைந்தன. ஆனால் அவற்றைத் தாங்கிய ஏற்பாடு கலையவில்லை. டிஸ்கார்டு இன்றும் இயங்குகிறது. யார் உள்ளே வரலாம், எவ்வளவு வசூலிக்கலாம், எங்கே வாசிக்கலாம், தட்டை யார் செய்வது என்ற நடைமுறைக் கேள்விகளுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் கண்ட விடைகள்தான் அதற்குக் காரணம். அந்த விடைகளைப் பிரித்துப் பார்த்தால்தான் இசையும் புரியும்.

ஊர்

வாஷிங்டன் அரசாங்கத்தின் ஊர். பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதற்கும் அது தலைமையிடம் அல்ல. நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ ஒரு குழு வாசிக்கும்போது, கூட்டத்தில் யாராவது நிறுவனத்து ஆள் நிற்கிறாரா என்று ஒரு கண் அங்கே போகும். இங்கே அந்தக் கவலைக்கே இடமில்லை. எதிரே நிற்பவர்கள் நண்பர்கள், அவர்களில் பாதிப்பேர் அடுத்து மேடையேறப் போகும் குழுக்காரர்கள்.

1980 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 6,38,000. பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். ஊரின் சொந்த இசை, ஃபங்க் வழியில் வளர்ந்த கோ-கோ என்ற நடன இசை. ஹார்ட்கோர் பிள்ளைகளில் பெரும்பாலோர் நகரின் வடமேற்குப் பகுதியையும் வர்ஜீனியா, மேரிலாந்து புறநகர்களையும் சேர்ந்த வெள்ளையர்கள். ஆனால் எப்படி வாசிக்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டியது பேட் பிரெய்ன்ஸ் என்ற குழு. எச்.ஆர்., டாக்டர் நோ, டாரில் ஜெனிஃபர், ஏர்ல் ஹட்சன் என்ற நான்கு கறுப்பின இளைஞர்கள். முதலில் ‘மைண்ட் பவர்’ என்ற பெயரில் ஜாஸ் ஃபியூஷன் வாசித்தவர்கள். 1980இல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிள் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்தான். கேட்டால் ஒன்று உடனே தெரியும்: நால்வரும் ஒரே நொடியில் நிற்கிறார்கள், ஒரே நொடியில் தொடங்குகிறார்கள். வாசிக்கத் தெரியாதவன் வேகமாக வாசித்தால் அது வெறும் இரைச்சல். வாசிக்கத் தெரிந்தவர்கள் அதே வேகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதை வாஷிங்டன் பிள்ளைகள் கண்முன்னே பார்த்தார்கள். பிறகு வந்த மைனர் த்ரெட் குழு அத்தனை இறுக்கமாக வாசித்ததற்கு இதுவே பெரிய காரணம்.

இன்னொரு தொடக்கம் ஒரு வானொலி. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.ஜி.டி.பி. நிலையம் 1979 ஜனவரி இறுதியில் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் உரிமத்தைப் பல்கலைக்கழகம் ஒரே ஒரு டாலருக்குக் கைமாற்றிவிட்டது. நிலையத்துக்கு ஆதரவாக பிப்ரவரி 3 அன்று அதே வளாகத்தில் கிராம்ப்ஸ் குழுவின் நிகழ்ச்சி நடந்தது. பின்னாளில் டீன் ஐடில்ஸ், மைனர் த்ரெட், ஃபுகாஸி ஆகிய மூன்றிலும் இருந்த இயன் மெக்கை பார்த்த முதல் பங்க் நிகழ்ச்சி அது.

கையில் போட்ட குறி

1980 ஆகஸ்டில் டீன் ஐடில்ஸ் பேருந்திலேயே நாட்டைக் குறுக்காகக் கடந்து கலிபோர்னியா போனார்கள். சான் பிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸில் அவர்களுக்குக் குடிக்கும் வயது ஆகவில்லை என்பதால் புறங்கையில் மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் அந்த யோசனையை 9:30 கிளப்பிடம் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் எஃப் தெருவில் 930ஆம் எண் கட்டடத்தில் திறக்கப்பட்ட இடம் அது. நிபந்தனை எளிது. சிறார்களை உள்ளே விடுங்கள், கையில் குறி போடுங்கள். குறி போட்டவன் குடித்துப் பிடிபட்டால் எல்லாச் சிறார்களையும் நிரந்தரமாகத் தடுத்துவிடுங்கள்.

கிளப்பின் கணக்கைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வாசல் காசு பெரும்பாலும் குழுக்களுக்கும் ஒலி ஏற்பாட்டுக்கும் போய்விடும். கிளப் பிழைப்பது மது விற்பனையில். பதினாறு வயதுப் பையன் மது வாங்க மாட்டான், இடத்தை மட்டும் அடைப்பான், தவறிப்போய்க் குடித்தால் உரிமத்துக்கே ஆபத்து. அதனால்தான் கிளப்காரர்கள் வாசலிலேயே வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். குறி போடுவது அந்தச் சோதனையை வாசலிலிருந்து மதுக்கூடத்துக்கு நகர்த்தியது. மது ஊற்றுபவர் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டாம், நீளும் கையைப் பார்த்தால் போதும்.

அதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. நீர் மார்க்கர் வியர்வையில் பத்து நிமிடத்தில் அழியும். ஆல்கஹால் கரைப்பான் உள்ள நிரந்தர மார்க்கர்தான் நிற்கும். ஒரு கையில் மட்டும் போட்டால் மறு கையை நீட்டிவிடுவார்கள், ஆகவே இரண்டு புறங்கையிலும் போட வேண்டும். இருட்டில் தெரியும்படி மணிக்கட்டிலிருந்து விரல் முட்டி வரை பெரிதாக இருக்க வேண்டும். குடிக்கும் வயது வந்தவர்களும் ஆதரவாகத் தாங்களே குறி போட்டுக்கொள்ளத் தொடங்கினால் யாருக்கும் நட்டமில்லை.

1981இல் மைனர் த்ரெட்டின் 45 நொடிப் பாட்டு ஒன்று குடி, புகை, போதை எதுவும் தனக்கு வேண்டாம் என்று சொன்னது. அந்தப் பாட்டின் பெயரான ‘ஸ்ட்ரெயிட் எட்ஜ்’ ஓர் இயக்கத்தின் பெயரானது, கைக்குறி அதன் சின்னமானது. வாஷிங்டனில் அது ஒருவன் தன்னைப் பற்றிச் சொன்ன பேச்சாகவே இருந்தது. மற்ற ஊர்களில் சிலர் அதை அடுத்தவனைக் கண்காணிக்கும் சட்டமாக்கினார்கள். பாட்டின் நோக்கத்துக்கு அது நேர் எதிர் என்பதே எங்கள் கருத்து. பாட்டை எழுதிய இயன் மெக்கையும் தாம் ஓர் இயக்கத்தைத் தொடங்கவில்லை என்று பலமுறை சொல்லிவிட்டார்.

வேகம் எப்படி உண்டாகிறது

ஹார்ட்கோர் டிரம்ஸின் அடிப்படை மிக எளியது. காலால் பேஸ் டிரம், கையால் ஸ்நேர் என்ற கூரிய ஒலியுள்ள சிறு டிரம், மறுபடி பேஸ், மறுபடி ஸ்நேர் என்று இடைவெளியில்லாமல் மாறி மாறி வரும். ராக் இசையில் ஸ்நேர் விழும் இடைவெளி இங்கே பாதியாகிறது. அதனால் தாளத்தின் கணக்கு மாறாமலே கேட்பவருக்கு வேகம் இரட்டிப்பாகத் தெரியும். கஷ்டம் வேகத்தில் இல்லை, அதை ஒன்றரை நிமிடம் தொய்யாமல் காப்பதில் இருக்கிறது. முன்கை இறுகினால் ஸ்நேர் பிந்தும். ஸ்நேர் பிந்தினால் கிட்டார்காரர் முந்துவார், பாட்டு சிதறும். தேர்ந்தவர்கள் குச்சியை மிக உயரத் தூக்குவதில்லை, மணிக்கட்டிலிருந்தே அடிப்பார்கள்.

கிட்டாரில் புதிதாக வாசிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முழுக்கத் திருகிவிடுவது. மெதுவான பாட்டில் அது கனமாகக் கேட்கும். நொடிக்கு ஒன்றிரண்டு முறை கார்டு மாறும் பாட்டில் ஒரு கார்டின் வால் அடுத்த கார்டின் தலையை மூடிவிடும், எல்லாம் ஒரே இரைச்சலாகும். டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினைக் குறைத்து, நடு அலைவரிசையைக் கூட்டி, ஆம்பின் சத்தத்தை ஏற்றினால் கார்டுகள் தனித்தனியாகத் தெரியும். பேஸ் கிட்டாரை விரலால் வாசிக்காமல் பிக்கால் வாசிப்பதும் இதற்காகத்தான்: ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் காதில் குத்த வேண்டும். ஓங்கி அடிப்பதால் தந்தி சுருதி விலகும். அதற்குக் கொஞ்சம் தடித்த தந்தி போடுவதும் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சுருதி பார்ப்பதும்தான் வழி.

இவற்றைப் பதிவு செய்த இடம் இன்னர் இயர். டான் ஸியென்டாரா வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் தம் வீட்டிலேயே நடத்திய ஒலிப்பதிவுக்கூடம். டீன் ஐடில்ஸ் நான்கு தட ரீலில், அதாவது நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் நாடாவில், பதிந்தார்கள். நான்கு தடத்தில் ஒரு குழுவைப் பதிவதென்றால் முழு டிரம்ஸும் ஒரே தடத்துக்குள் அடங்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்துவிட்டால் பிறகு ஸ்நேரை மட்டும் ஏற்ற முடியாது, சிம்பலை மட்டும் இறக்க முடியாது. எனவே கலவை வேலை மைக்கை வைக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வீட்டு அடித்தளம் போலத் தாழ்ந்த கூரை என்றால் சிம்பல் ஒலி மேலே மோதித் திரும்பி எல்லா மைக்கிலும் நிறையும். மேல் மைக்கைத் தாழ்த்துவது, கூரையில் கம்பளம் அடிப்பது, டிரம்மரைச் சிம்பலை மென்மையாகவும் ஸ்நேரை ஓங்கியும் அடிக்கச் சொல்வது ஆகியவைதான் தீர்வு. இதில் மூன்றாவதே அதிகம் பலன் தரும். இசைக்கருவிகளை எல்லாரும் சேர்ந்து வாசித்து முடித்தபின் குரலைத் தனியாகப் பாடுவார்கள். நகரத்துக் குழுக்கள் பலவற்றுக்கும் ஒரே கூடம், ஒரே காது என்று அமைந்ததால்தான் டிஸ்கார்டின் தொடக்கத் தட்டுகளுக்கு ஒரு குடும்பச் சாயல் வந்தது. 1990இல் அந்தக் கூடம் அதே ஆர்லிங்டனில் தனிக் கட்டடத்துக்கு மாறியது. அந்த இடத்தை கவுன்டி நிர்வாகம் வாங்கியதால் 2021இல் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

தட்டும் உறையும்

ஏழு அங்குலத் தட்டு என்பது வெறும் மலிவுப் பொருள் அல்ல, இந்த இசைக்கு அளவெடுத்த வடிவம். 45 சுழற்சி வேகத்தில் ஒரு பக்கத்தில் நல்ல சத்தத்தோடு நான்கு முதல் ஐந்து நிமிடம் வரை வெட்டலாம். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். ஒலி குறைந்தால் தட்டின் கரகரப்பு மேலே தெரியும். மைனர் த்ரெட்டின் முதல் ஈ.பி.யில் (ஆல்பத்தைவிடச் சிறிய தட்டில்) எட்டுப் பாடல்கள், மொத்தம் ஒன்பதரை நிமிடத்துக்கும் குறைவு. பாட்டு சிறியதாக இருந்ததால் தட்டு சத்தமாக இருந்தது.

கலந்து முடித்த ரீலிலிருந்து லாக்கர் பூசிய அலுமினியத் தகட்டில் பள்ளம் வெட்டுவது முதல் படி. அந்தப் பூச்சு மென்மையானது, நாள் ஆக ஆக உயர் ஒலிகள் மழுங்கும், ஆகவே சீக்கிரம் முலாம் பூசும் கூடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே வெள்ளி தெளித்து, நிக்கல் ஏற்றி, உரித்தெடுத்தால் ஸ்டாம்பர் என்ற எதிர்வார்ப்பு கிடைக்கும். ஒரு ஸ்டாம்பர் தோராயமாக ஆயிரம் தட்டு வரை தாங்கும். சிறு குழுக்களின் முதல் பதிப்பு 1,000 என்று அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் ஆயிரத்துக்கான செலவில் பெரும்பங்கு வெட்டுக்கும் முலாமுக்கும் போகிறது. 300 பிரதி போட்டாலும் அந்தச் செலவு குறையாது.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். பேஸ் ஒலி இடம் வலமாகப் பிரிந்திருந்தால் ஊசி மேலும் கீழும் எகிறிப் பள்ளத்தை விட்டுத் தாவும், அதனால் பேஸும் கால் டிரம்மும் நடுவிலேயே இருக்க வேண்டும். ‘ஸ’ ஒலி கூர்மையாக இருந்தால் பொரியும். பக்கத்தின் கடைசிப் பாட்டு உள் வளையத்தில் விழும். அங்கே ஒரு சுற்றின் நீளம் குறைவு என்பதால் உயர் ஒலி மங்கும். இரைச்சல் மிகுந்த பாட்டைக் கடைசியில் வைக்காதீர்கள் என்று வெட்டுபவர்கள் சொல்வது இதனால்தான். நடுக் காகிதத்தை நன்றாக உலர்த்தாமல் அழுத்தினால் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் வரும். துளை மையம் விலகினால் சுருதி அலையும். சோதனைத் தட்டு வந்ததும் நல்ல கருவியில் மட்டும் கேட்டுவிட்டு ஒப்புதல் தரக் கூடாது. மலிவான, ஊசி எடை சரியில்லாத பெட்டியிலும் போட்டுப் பார்க்க வேண்டும். வாங்கப்போகும் பிள்ளைகளிடம் இருப்பது அதுதான்.

உறைக்கு அவர்கள் செய்தது இன்னும் எளியது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிங்கிளின் உறையைப் பிரித்து விரித்து, அதன் கோட்டை அப்படியே காகிதத்தில் வரைந்து, 11-க்கு 17 அங்குலத் தாளில் அச்சடித்துக்கொண்டார்கள். வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது எல்லாம் வீட்டில், நண்பர்களோடு. தொடக்கத் தட்டுகளுக்கு ஆயிரக்கணக்கான உறைகள் இப்படித்தான் செய்யப்பட்டன.

அதே வேலையை இன்று செய்ய நினைப்பவர்களுக்கும் கணக்கு மாறவில்லை. தட்டின் விட்டம் ஏறக்குறைய 17.5 செ.மீ., உறையின் உள்ளளவு 18.3 செ.மீ. வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்ந்து 36.6, ஒட்டும் மடிப்புக்கு ஓரத்தில் 1.5 செ.மீ. மழுங்கிய பேனா முனையால் அளவுகோல் வைத்துக் கோடு அழுத்திவிட்டு மடித்தால் மை வெடிக்காது. தாளின் இழை ஓடும் திசையிலேயே முதுகு மடிப்பு விழ வேண்டும். நீர்ப்பசை மெல்லியதாகப் போதும், அதிகமானால் தாள் சுருங்கும், காயாமல் தட்டைச் செருகினால் பசை தட்டில் ஒட்டும். ஒட்டியதும் 50 உறைகளாக அடுக்கி மேலே கனம் வைத்து ஓர் இரவு விடுவது நல்லது. தட்டு போட்ட பிறகு படுக்கையாக அடுக்கக் கூடாது, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். வெயில் படும் காரில் ஒரு மதியம் விட்டால் அத்தனையும் வளைந்துவிடும்.

இந்த அறிவை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் வெளியே விட்டதும் அந்த ஊரின் பெருமை. 1990களில் ஆர்லிங்டனிலிருந்து இயங்கிய சிம்பிள் மெஷின்ஸ் என்ற லேபிளை நடத்திய ஜென்னி டூமியும் கிறிஸ்டின் தாம்சனும், தட்டு போடுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

கூடம்

கிளப்புகள் போதாதபோது சமூகக்கூடங்களும் தேவாலய அடித்தளங்களும் உதவின. வில்சன் சென்டர் அப்படிப்பட்ட இடம். ஃபுகாஸியின் முதல் நிகழ்ச்சி 1987 செப்டம்பர் 3 அன்று அங்கேதான் நடந்தது. கோடையில் ஃபோர்ட் ரீனோ பூங்காவில் இலவச நிகழ்ச்சிகள் இருந்தன.

இத்தகைய கூடங்களில் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். அமெரிக்க வீட்டு மின்சுற்று 120 வோல்ட், 15 ஆம்பியர், அதாவது உச்சம் 1,800 வாட். தொடர்ந்து இழுப்பதென்றால் 1,440-க்குள் இருப்பது பாதுகாப்பு. கிட்டார் ஆம்புகளும் ஒலிபெருக்கியும் ஒரே சுற்றில் தாங்கிவிடலாம், 500 வாட் மேடை விளக்கு இரண்டைச் சேர்த்தால் பாட்டின் நடுவே பிரேக்கர் விழும். விளக்கை வேறு சுற்றில் மாட்ட வேண்டும். ஆம்பும் குரல் ஒலிபெருக்கியும் ஒரே சுற்றிலிருந்து மின்சாரம் எடுத்தால் உறுமலும், மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிப்பதும் குறையும். உறுமல் நிற்க வேண்டும் என்று பிளக்கின் தரைமுனையை ஒடிப்பது உயிருக்கே ஆபத்து.

கான்கிரீட் சுவர்க் கூடத்தில் குரல் மட்டுமே ஒலிபெருக்கியில் போனால் போதும், டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் மைக் தேவையில்லை. ஒலிபெருக்கிகள் பாடுபவருக்கு முன்னால் நிற்க வேண்டும். ஒரே டிரம்ஸையும் ஒரே பேஸ் ஆம்பையும் எல்லாக் குழுக்களும் பகிர்ந்தால் குழு மாறப் பத்து நிமிடம் போதும். பகிராவிட்டால் அரை மணி நேரம் போகும், ஐந்தாவது குழு வாசிக்கும் முன் கூடத்தை மூடச் சொல்லிவிடுவார்கள்.

ஃபுகாஸி பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு 5 டாலர்தான் வாங்கினார்கள். எல்லா வயதினரும் வரலாம். சட்டை, தொப்பி எதுவும் விற்கவில்லை. 300 பேர் வந்தால் 1,500 டாலர். கூட வாடகை, ஒலி ஏற்பாடு, அச்சுச் செலவு போக மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். இது சாத்தியமானது அவர்கள் செலவைச் சுருக்கியதால். மேலாளர் கிடையாது, நிகழ்ச்சி ஏற்பாட்டையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள், தங்குவது தெரிந்தவர் வீட்டில். விலை தாழ்வாக இருந்ததில் இன்னொரு பயனும் உண்டு. கூட்டத்தில் யாராவது அடுத்தவரை இடித்துத் தாக்கினால் வாசிப்பதை நிறுத்தி, அவரை அழைத்து, உறையில் போட்டு வைத்திருந்த 5 டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். காசு திரும்பக் கிடைத்தவனுக்கு வாதிட எதுவும் மிஞ்சாது.

1985க்கு முன்னும் பின்னும்

காசு போட்ட அந்த உறைகள் தேவைப்பட்டதற்குப் பின்னணி இருக்கிறது. 1983இல் மைனர் த்ரெட் கலைந்தபோது கூட்டம் பெருத்திருந்தது, கூடவே அடிதடியும். நடனம் என்ற பெயரில் முட்டி மோதுவதற்காகவே வந்தவர்கள் முன்வரிசையை எடுத்துக்கொண்டார்கள். முதலில் தொடங்கியவர்கள் பலர் ஒதுங்கிப் போனார்கள். 1985 கோடையை ‘ரெவலூஷன் சம்மர்’ என்று பெயரிட்டு, பழைய நண்பர்கள் புதுக் குழுக்களோடு திரும்பி வந்தார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்ப்ரேஸ், பீஃப்ஈட்டர் ஆகியவை அப்போதைய முக்கியக் குழுக்கள். வேகம் குறைந்தது, மெட்டு வந்தது. பிறரைத் திட்டிய பாட்டு தன்னையே கேள்வி கேட்டது. அந்த ஜூன் 21 அன்று தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் டிரம்களும் தகரங்களும் தட்டி இனஒதுக்கலுக்கு எதிராகப் போராடினார்கள். அதே ஆண்டு தொடங்கிய பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற ஆர்வலர் அமைப்பு நிகழ்ச்சி வசூலைக் காப்பகங்களுக்கும் மருத்துவ மையங்களுக்கும் கொண்டுசேர்த்தது. வளைகுடாப் போரின் முனையில், 1991 ஜனவரி 12 அன்று, ஃபுகாஸி வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் வாசித்தார்கள்.

முன்வரிசை யாருடையது என்ற கேள்வியைப் பெண்கள் நீண்ட நாளாகக் கேட்டு வந்தார்கள். 1981இல் சாக் சர்க்கிள், 1980களின் பின்பாதியில் ஃபயர் பார்ட்டி என முழுக்கப் பெண்களைக் கொண்ட குழுக்கள் இருந்தன. சாக் சர்க்கிளுக்கு அன்று உரிய இடம் தரப்படவில்லை. இந்த வரலாற்றின் உண்மையான குறை அது. 1991 கோடையில் மேற்குக் கரைப்பக்கத்து ஒலிம்பியா நகரிலிருந்து வந்த பிகினி கில், பிராட்மொபைல் குழுக்களின் உறுப்பினர்களும் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து ஆர்லிங்டனிலிருந்த பாசிட்டிவ் ஃபோர்ஸ் வீட்டில் வாராந்தரக் கூட்டங்கள் நடத்தினார்கள். ரயட் கேர்ல் என்ற பங்க் பெண்ணிய இயக்கம் அங்கே உருப்பெற்றது. பெண்களை முன்னால் வரச் சொல்லி ஆண்களைப் பின்னுக்கு அனுப்புவது மேடையிலிருந்து செய்யக்கூடிய, உடனே பலன் தரும் ஏற்பாடு. அடுத்த ஆண்டு கோடையில் வாஷிங்டனிலேயே ஒரு மாநாடும் நடந்தது.

காசு எங்கே சிக்குகிறது

சிறு லேபிள்கள் சாவது விற்காததால் மட்டுமல்ல, விற்றதாலும்தான். ஆயிரம் தட்டு போய்விட்டது, கடைகள் இன்னும் கேட்கின்றன. விநியோகஸ்தர் காசு தர மூன்று மாதம் ஆகும், சில சமயம் தரவே மாட்டார். அச்சுக்கூடமோ முன்பணம் கேட்கும். டிஸ்கார்டும் 1983 வாக்கில் இந்த முடிச்சில் மாட்டியது. லண்டனில் சதர்ன் ஸ்டுடியோஸ் நடத்திய ஜான் லோடர் தட்டு போடும் செலவைத் தாம் ஏற்று விநியோகமும் பார்க்க முன்வந்ததால் மீண்டது. பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை டிஸ்கார்டிடமே இருந்தது.

லேபிளின் விதிகள் கொஞ்சம்தான். வாஷிங்டன் வட்டாரக் குழுக்கள் மட்டும். எழுத்து ஒப்பந்தம் கிடையாது. தட்டின் உறையிலேயே அஞ்சல் செலவு உட்பட விலை அச்சாகியிருக்கும், கடைக்காரர் அதற்கு மேல் ஏற்றி விற்றால் வாங்குபவனுக்குத் தெரிந்துவிடும். ஒப்பந்தம் இல்லாதது ஆபத்து என்று தோன்றும். உண்மையில் அது லேபிளின் மேல் போட்ட கட்டுப்பாடு. குழு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றால், கணக்கை ஒழுங்காகக் காட்டியாக வேண்டும். ஜாபாக்ஸ் குழுவினர் அப்படித்தான் அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கே 1994இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தை 2009இல் மறுபடி வெளியிட்டதில் டிஸ்கார்டுக்கும் பங்குண்டு.

எங்கிருந்து கேட்பது

டிஸ்கார்டின் பட்டியல் பாண்ட்கேம்ப் என்ற இசைத் தளத்தில் கிடைக்கிறது. 1982இல் வந்த ‘ஃபிளெக்ஸ் யுவர் ஹெட்’ தொகுப்பில் 11 குழுக்கள், 32 பாடல்கள். ஊரின் முதல் அலையை ஒரே அமர்வில் கேட்க அதைவிட நல்லது இல்லை. அதன்பின் மைனர் த்ரெட்டின் முதல் இரண்டு ஈ.பி.க்களை வரிசையாகக் கேளுங்கள், கிட்டார்க் கார்டுகள் எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன என்பதைக் கவனியுங்கள். ஃபெய்த், வாய்டு என்ற இரு குழுக்களும் ஆளுக்கொரு பக்கமாகப் பகிர்ந்த 1982 தட்டில், ஒரே ஊர் ஒழுங்கின் இரு முனைகளும் தெரியும். ஃபெய்த் கோடு தாண்டாது, வாய்டு கோட்டையே கிழிக்கும். பேட் பிரெய்ன்ஸுக்கு அதே ஆண்டு நியூயார்க்கின் ராய்ர் நிறுவனம் வெளியிட்ட கேசட் ஆல்பம். பிறகு 1985இன் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், அதன்பின் ஃபுகாஸியின் ‘ரிப்பீட்டர்’.

மேடையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டுமானால், ஃபுகாஸி 2011 முதல் நேரடிப் பதிவுகளை இணையத்தில் தருகிறார்கள். 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளின் ஒலிநாடாக்கள் அவர்களிடம் இருந்தன. ஒரு நிகழ்ச்சிக்கு அவர்கள் பரிந்துரைக்கும் விலை 5 டாலர். நோட்டீஸ், சிற்றிதழ், புகைப்படம் தேடுபவர்களுக்கு வாஷிங்டன் பொது நூலகம் 2014இல் டி.சி. பங்க் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியிருக்கிறது. பழைய ஒலிநாடா யாரிடமாவது இருந்தால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பிசுபிசுத்துப்போன ரீலை அப்படியே ஓட்டிப் பார்க்காதீர்கள், காந்தப் பூச்சு உரிந்து தலையில் ஒட்டிக்கொள்ளும். குறைந்த, சீரான வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்தத் தெரிந்தவரிடம் கொடுத்து, முதல் ஓட்டத்திலேயே டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள்.